குரல்வளையின் அரிய புற்றுநோய்கள்: பெயர் தெரிந்த பிறகே சிகிச்சை

வீட்டில் ஒருவருக்குக் குரல் கம்மிவிட்டால் நம் கை முதலில் போவது சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு இருக்கும் டப்பாக்களுக்குத்தான். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டால் நல்லது. சரியாகாவிட்டால், "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்போம். ஐந்து நேரமும் பாங்கு சொல்பவர், மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாத், நாள் முழுதும் வகுப்பில் நிற்கும் ஆசிரியை, சந்தையில் கூவி விற்பவர் ஆகியோருக்கு "கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது" என்ற காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது. பெரும்பாலும் அதுதான் உண்மையும்கூட. குரலை அதிகம் பயன்படுத்துவோரின் குரல் நாண்களில் தோன்றும் சிறு முடிச்சுகள் புற்றுநோய் அல்ல. அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்கு வெளியே நிற்கும் சிலரைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

3 வாரங்களுக்கு மேல் குரல் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிட வேண்டும். இது பலரும் அறிந்த விதி. இதற்கு அடுத்து ஒரு விதி இருக்கிறது. குரல்வளையில் கட்டி இருப்பது தெரிந்துவிட்டால், அந்தக் கட்டியின் சரியான பெயர் தெரியும்வரை எந்தச் சிகிச்சைக்கும் அவசரப்படக் கூடாது. குரல்வளைப் புற்று என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது ஒரே நோயல்ல. ஒரே இடத்தில், ஒரே அறிகுறியோடு வரும் கட்டிகளில் ஒன்றை அறுத்தே ஆக வேண்டும். இன்னொன்றில் கத்தி வைப்பதே வீண். ஒன்றில் ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கிறார்கள். மற்றொன்றில் ஐந்தில் ஒருவர் பிழைப்பதே அரிது.

ஒரு சக்கரவர்த்தியின் தொண்டை

பெயர் தெரியாமல் சிகிச்சை தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்கின் குரல் 1887 ஜனவரியில் கம்மத் தொடங்கியது. அவர் புகைபிடிக்கும் பழக்கம் உள்ளவர். பெர்லின் மருத்துவர் கெர்ஹார்ட் இடது குரல் நாணில் ஒரு சிறு வளர்ச்சியைக் கண்டு, சூடேற்றிய கம்பியால் பலமுறை தீய்த்தார். அது மீண்டும் வளர்ந்தது. புற்றாக இருக்கலாம் என்று ஐயுற்ற அறுவை மருத்துவர் பெர்க்மன், கழுத்தைத் திறந்து அகற்றிவிடலாம் என்றார். அந்நிலையில் மே மாதம் இங்கிலாந்திலிருந்து புகழ்பெற்ற தொண்டை மருத்துவர் மொரெல் மெக்கன்சி வரவழைக்கப்பட்டார். திசுவை எடுத்துச் சோதிக்காமல் அறுக்கக் கூடாது என்பது அவர் கருத்து. சிறு துணுக்குகள் எடுக்கப்பட்டன. அன்றைய உலகின் தலைசிறந்த நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ அவற்றைப் பார்த்து, புற்றுக்கான அடையாளம் இல்லை என்றார். அறுவை கைவிடப்பட்டது.

நவம்பரில் நோய் மறைக்க முடியாதபடி வளர்ந்துவிட்டது. 1888 பிப்ரவரியில் மூச்சுவிடக் கழுத்தில் துளையிட வேண்டியதாயிற்று. மார்ச் 9-இல் தந்தை இறந்ததும் அவர் அரியணை ஏறினார். அப்போது அவரால் பேச முடியாது. காகிதத்தில் எழுதியே கட்டளைகளைத் தெரிவித்தார். 99 நாட்களில், ஜூன் 15 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனை புற்றுநோயை உறுதி செய்தது.

விர்ச்சோ தவறு செய்தாரா என்பது இன்றுவரை பேசப்படும் கேள்வி. அவருக்கு வந்தது மருவைப் போல் தோன்றும் அரிய வகையோடு கலந்த புற்றாக இருந்திருக்கலாம் என்று அண்மைக்கால நோயியல் அறிஞர் சிலர் கருதுகிறார்கள். அந்த வகையின் மேற்பரப்பை மட்டும் கிள்ளி எடுத்தால், இன்றைய நுண்ணோக்கியிலும் அது புற்றல்லாத திசுவாகவே தெரியும். மெக்கன்சி கேட்டது சரியான கேள்விதான். எடுத்த திசு போதுமான ஆழத்திலிருந்து வந்ததா என்பதுதான் விடுபட்ட கேள்வி.

வழக்கமான வகை

குரல்வளை மூன்று பகுதிகளைக் கொண்டது. குரல் நாண்கள் இருக்கும் நடுப்பகுதி, அதற்கு மேல்பகுதி, மூச்சுக்குழாயோடு சேரும் கீழ்ப்பகுதி. உலகில் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,84,000 பேருக்குக் குரல்வளைப் புற்று கண்டறியப்பட்டது. இதில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை உட்புறச் சவ்வின் தட்டையான செல்களில் தொடங்கும் செதிள் செல் புற்று. பீடி, சிகரெட், மது ஆகியவையே இதன் முக்கியக் காரணங்கள்.

இந்த வகைக்குச் சிகிச்சைப் பாதை தெளிவாக இருக்கிறது. தொடக்க நிலையில் லேசர் அறுவை அல்லது கதிர்வீச்சு, இரண்டில் ஒன்றே போதும். குரல் நாணோடு நின்றுவிட்ட நிலையில் கண்டுபிடித்தால் 100-க்கு 80-க்கும் மேற்பட்டோர் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். முற்றிய நிலையில் ஒரு காலத்தில் குரல்வளையை முழுதாக அகற்றுவதே வழி. 1991-இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 332 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. குரல்வளையை அகற்றியவர்களும், முதலில் கீமோதெரபியும் பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்களும் 2 ஆண்டு முடிவில் சம அளவில், 100-க்கு 68 பேர், உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் பிரிவினரில் 100-க்கு 64 பேரின் குரல்வளை காப்பாற்றப்பட்டது. 2003-இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு, கீமோதெரபியையும் கதிர்வீச்சையும் ஒரே காலத்தில் கொடுத்தால் குரல்வளை இன்னும் அதிகம் பேருக்குக் காக்கப்படுகிறது என்று காட்டியது.

இந்த ஆய்வுகள் செதிள் செல் புற்றுக்கு உரியவை என்பதை மறந்துவிடக் கூடாது. "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதிர்வீச்சிலேயே குணமாகிவிட்டது, நம் வாப்பாவுக்கு மட்டும் ஏன் அறுவை?" என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. இருவருக்கும் கட்டி இருந்த இடம் ஒன்றாகவும், நோய் வேறாகவும் இருக்கலாம்.

அரிய வகைகளும் அவற்றின் போக்கும்

மருவகைப் புற்று: 1948-இல் லாரன் ஆக்கர்மன் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் வாயில் தோன்றும் இவ்வகையைத் தனித்து அடையாளம் காட்டினார். குரல்வளைப் புற்றுகளில் 100-க்கு ஒன்று முதல் மூன்று வரை இவ்வகை. காலிஃபிளவர் போன்ற தோற்றம், மெதுவான வளர்ச்சி. கலப்பில்லாத வகையாக இருந்தால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதில்லை. மேலோட்டமாக எடுத்த திசுவில் சாதாரண மரு என்றே அறிக்கை வரும் என்பதால், வளர்ச்சியின் அடிப்பகுதி வரை ஆழமாகத் திசு எடுக்க வேண்டும். வாய் வழியாக லேசர் கொண்டு அகற்றுவது உட்பட அறுவையே முதல் சிகிச்சை. கதிர்வீச்சு இதில் அறுவை அளவுக்கு நம்பகமானதல்ல. சரியாக அகற்றப்பட்டால் இந்நோயால் இறப்பவர்கள் மிகக் குறைவு.

குருத்தெலும்புப் புற்று: காண்ட்ரோசர்கோமா எனப்படும் இது, குரல்வளையின் சுவராக இருக்கும் குருத்தெலும்பில் தோன்றுகிறது. நான்கில் மூன்று பங்கு, கீழே மோதிரம் போல் அமைந்த கிரிகாய்டு குருத்தெலும்பில் வருகிறது. 50 வயதைக் கடந்த ஆண்களே அதிகம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், மூச்சில் சத்தம் வருவதும், குரல் மாறுவதும் அறிகுறிகள். இதனால் ஆஸ்துமா என்று நினைத்துப் பல மாதங்கள் கடந்துவிடலாம். கட்டியின் மேல் சவ்வு வழவழப்பாக, நலமாகவே இருக்கும். சிடி ஸ்கேனில் சோளப்பொரி போன்ற சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலானவை வீரியம் குறைந்தவை. அதனால் முதல் அறுவையிலேயே குரல்வளை முழுவதையும் எடுத்துவிடாமல், கட்டியை மட்டும் அகற்றிக் குரலைக் காக்க முயல்வது இன்றைய வழக்கம். கீமோதெரபிக்கு இதில் பெரிய பங்கில்லை. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் வளரலாம். வளர்ந்தால் மீண்டும் அறுத்து அகற்றலாம். 5 ஆண்டுக் கணக்கில் 100-க்கு 90 பேர் அளவில் இந்நோயிலிருந்து தப்புகிறார்கள்.

சிற்றுமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுகள்: குரல்வளைச் சவ்வின் கீழுள்ள சிறு சுரப்பிகளில் தோன்றுபவை. 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. இவற்றில் முக்கியமானது அடினாய்டு சிஸ்டிக் வகை. குரல்வளையின் கீழ்ப்பகுதியில் அதிகம் வரும். நரம்புகளை ஒட்டி ஊர்ந்து செல்வது இதன் குணம். அதனால் கண்ணுக்குத் தெரியும் கட்டியை எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. 5 ஆண்டு நலமாக இருந்தவருக்கு 10 ஆண்டுக்குப் பிறகு நுரையீரலில் தென்படவும் கூடும். எனவே 5 ஆண்டைக் கடந்துவிட்டோம் என்று பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது.

நரம்பு நாளமில்லாச் செல் புற்றுகள்: ஒரே குடும்பப் பெயருக்குள் நேர் எதிரான போக்குகள் இருப்பது இங்கேதான். மிக அரிதான வீரியம் குறைந்த வகையை அறுவையில் அகற்றினால் ஏறத்தாழ எல்லோருமே 5 ஆண்டைக் கடக்கிறார்கள். நடுத்தர வகையில் கழுத்துக் கணுக்களையும் சேர்த்து அகற்றுவது வழக்கம். இதில் பாதிப் பேர் அளவில் 5 ஆண்டைக் கடக்கிறார்கள். இந்த வகை, நுண்ணோக்கியின் கீழ் ஒருவகைத் தைராய்டு புற்றைப் போலவே தோன்றக் கூடியது. கழுத்துக் கணுவை மட்டும் சோதித்துத் தைராய்டு நோய் என்று முடிவு செய்துவிடும் ஆபத்து இருக்கிறது. மூன்றாவதான சிறு செல் வகையும், அதைப் போலவே வேகமான பெரு செல் வகையும் மிகக் கடுமையானவை. கண்டுபிடிக்கும்போதே வேறு உறுப்புகளுக்குப் பரவியிருப்பது சாதாரணம். சிறு செல் வகையில் குரல்வளையை அகற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை. நுரையீரலில் வரும் சிறு செல் புற்றுக்குக் கொடுப்பது போல் கீமோதெரபியும் கதிர்வீச்சுமே சிகிச்சை. 5 ஆண்டைக் கடப்போர் 100-க்கு 20-க்கும் குறைவு.

நிணநீர்ப் புற்றும் பிளாஸ்மா செல் கட்டியும்: இவை இரத்த அணுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குரல்வளையின் மேல்பகுதியில் வழவழப்பான வீக்கமாகத் தெரியும். இவற்றுக்குத் திசு எடுப்பதைத் தவிரப் பெரிய அறுவை தேவையில்லை. நிணநீர்ப் புற்றின் உட்பிரிவைப் பொறுத்துக் கதிர்வீச்சு, கீமோதெரபி அல்லது இரண்டும் தரப்படும். தனித்த பிளாஸ்மா செல் கட்டி கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. ஆனால் சிலருக்குப் பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜை நோயாக மாறக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனைகள் தொடர வேண்டும். இந்த நோயாளிகளின் குரல்வளையைப் புற்று என்ற சொல்லை மட்டும் கேட்டு அகற்றிவிட்டால், போன குரல் திரும்ப வராது.

மெலனோமா: தோலின் நிறமிச் செல்களில் வரும் புற்று, மிக அரிதாகக் குரல்வளைச் சவ்விலும் தோன்றுகிறது. வேறிடத்திலிருந்து பரவியதா என்று முதலில் தேட வேண்டும். முழுமையான அறுவை முதல் வழி. முடிவுகள் பொதுவாக நல்லவையாக இல்லை.

இந்தப் பட்டியலோடு புற்றல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் காசநோய் குரல்வளையைத் தாக்கும்போது பார்வைக்குப் புற்றைப் போலவே இருக்கும். அதற்கு அறுவையும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். காசநோய் மாத்திரைகளே போதும். திசுப் பரிசோதனை இல்லாமல் இதையும் பிரித்தறிய முடியாது.

பெயரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1854-இல் பாட்டு ஆசிரியரான மனுவேல் கார்சியா, சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல் நாண்களைத் தாமே பார்த்தார். இன்று மூக்கு வழியாகச் செல்லும் மெல்லிய கேமரா சில நிமிடங்களில் அதைக் காட்டிவிடுகிறது. கட்டி தென்பட்டால் சிடி அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, மயக்க மருந்து கொடுத்துத் திசு எடுப்பார்கள். "பயாப்ஸி எடுத்தால் நோய் பரவிவிடும்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அந்த அச்சத்தால் குரல்வளைத் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது நோய்க்கு நேரம் கொடுப்பதாகவே முடியும்.

வழக்கமான சாயத்தில் பெயர் தெளிவாகாதபோது, செல்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களை நிறமேற்றிக் காட்டும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற சோதனை செய்யப்படும். சிறு செல் புற்றையும் நிணநீர்ப் புற்றையும் மெலனோமாவையும் பிரிப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு நோயியல் மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் இந்த அரிய வகைகளில் சிலவற்றை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருக்கலாம். அதனால் அரிய பெயர் ஒன்று அறிக்கையில் வந்தால், அல்லது சந்தேகக் குறிப்பு இருந்தால், அதே திசுத் துண்டுகளைப் பெரிய புற்றுநோய் மையம் ஒன்றில் மறுபடி பார்க்கச் சொல்வதே முறை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கான வசதி இருக்கிறது. மருத்துவரை நம்பவில்லை என்று இதற்குப் பொருளில்லை. பாரஃபின் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ள நோயாளிக்கு வழியுண்டு.

5 ஆண்டு என்ற கணக்கு

100-க்கு இத்தனை பேர் 5 ஆண்டு பிழைக்கிறார்கள் என்பது கடந்த காலத்தில் சிகிச்சை பெற்றோரின் கணக்கு. நம் வீட்டில் இருப்பவருக்கு அது தீர்ப்பல்ல. அரிய நோய்களில் அந்தக் கணக்கே சில பத்து அல்லது சில நூறு பேரிடமிருந்து, பல நாடுகளில் பல ஆண்டுகளாகத் திரட்டியது. நோயின் நிலை, கணுக்களில் பரவியதா, வயது, உடல் வலிமை, புகையை விட்டாரா என்பவை சேர்ந்தே ஒருவரின் போக்கை முடிவு செய்கின்றன. சிகிச்சையின்போதும் புகைபிடிப்பவருக்குக் கதிர்வீச்சின் பலன் குறைகிறது. குடும்பத்தார் கையில் இருக்கும் மருந்து அதை நிறுத்தச் செய்வது.

குரல்வளை போன பிறகு

1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் புற்றுக்காக முதன்முதலாகக் குரல்வளையை முழுதாக அகற்றினார். நோயாளி 36 வயது மதபோதனை ஆசிரியர். செயற்கைக் கருவி ஒன்றின் உதவியால் அவர் மீண்டும் பேசினார். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி இறந்தார். இன்று நிலை பெரிதும் மாறியிருக்கிறது. உணவுக்குழாயில் காற்றை இழுத்துப் பேசப் பழகலாம். கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவி உண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சிறு வால்வு பொருத்தும் முறையை மார்க் சிங்கர், எரிக் ப்ளோம் இருவரும் 1980-இல் வெளியிட்டார்கள். பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ், ஏழை நோயாளிகளுக்காக 50 ரூபாய் விலையில் அத்தகைய வால்வு ஒன்றை உருவாக்கினார்.

இவர்கள் கழுத்தில் உள்ள துளை வழியாகவே மூச்சுவிடுவார்கள். குளிக்கும்போது அதற்குள் நீர் போகாமல் மறைத்துக்கொள்ள வேண்டும். குளம், ஆறு, கடலில் இறங்கக் கூடாது. மயங்கி விழுந்தால் பிராணவாயுவைத் துளையில்தான் கொடுக்க வேண்டும், வாயிலும் மூக்கிலும் அல்ல. இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

"குரல்வளையை எடுத்துவிட்டால் தொழுகையில் எப்படி ஓதுவது?" என்ற கேள்வியும், அந்தக் கவலையால் அறுவையையே மறுக்கும் முடிவும் நம்மிடம் வருவதுண்டு. இயலாதவரிடம் இயலாததை மார்க்கம் கேட்பதில்லை. பேச முடியாதவரின் தொழுகை செல்லுபடியாகும் தொழுகையே. குளிப்பு போன்ற விவரங்களைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். குரலைக் காக்க வழியிருந்தால் அதைத் தேடுவோம். இல்லையென்றால் ஓதுவதற்காக உயிரை விட வேண்டியதில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இந்த ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

1. திசுப் பரிசோதனை அறிக்கையில் உள்ள நோயின் முழுப் பெயரும் உட்பிரிவும் என்ன?
2. எடுத்த திசு போதுமான ஆழமானதா, மறுபடி பார்க்க வேண்டுமா?
3. கழுத்துக் கணுக்களிலும் நுரையீரலிலும் பரவல் இருக்கிறதா?
4. இந்தப் பெயருக்கு அறுவை முதலா, கதிர்வீச்சு முதலா, கீமோதெரபி முதலா? ஏன்?
5. குரல்வளையைக் காக்க வாய்ப்பிருக்கிறதா? இல்லையென்றால் பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைகளுக்கும் உதவுகிறது. சேரும் முன்பே மருத்துவமனையில் அதைப் பற்றி விசாரித்துவிடுவது நல்லது.

ஃபிரெடெரிக்கிடம் சாம்ராஜ்யமும் அக்காலத்தின் தலைசிறந்த மருத்துவர்களும் இருந்தார்கள். நோயின் பெயர் உறுதியானபோது காலம் கடந்துவிட்டது. இன்று மூக்கு வழிக் கேமராவும் ஆழமான திசுத் துண்டும் பெரும்பாலும் சில நாட்களிலேயே அந்தப் பெயரைச் சொல்லிவிடும். உங்கள் வீட்டில் 3 வாரமாக யாருடைய குரலாவது கம்மியிருந்தால், பனங்கற்கண்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.